பெங்களூரு தமிழ்க் குடும்பமும் இயற்கை உணவும்: ஐந்து வழிகளில் எது யாருக்கு?

மருந்தடிக்காத காய்கறிக்கும் நல்ல தானியத்துக்கும் மாறிவிட வேண்டும் என்ற எண்ணம் பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிடையே இப்போது பரவலாகவே இருக்கிறது. தடையாக நிற்பது எந்த வழியில் மாறுவது என்ற குழப்பம்தான். பெரிய கடைகளிலும் செயலிகளிலும் முத்திரை குத்திய ஆர்கானிக் பொட்டலங்கள் கிடைக்கின்றன. விவசாயிகளிடமிருந்து வாரம் ஒருமுறை வீடு தேடி வரும் காய்கறிக் கூடை இருக்கிறது. தெருமுனை ஹாப்காம்ஸ் கூட்டுறவுக் காய்கறிக் கடையையும் மடிவாளா, கே.ஆர். மார்க்கெட் போன்ற சந்தைகளையும் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்கள் அரிசியையும் பருப்பையும் அங்கிருந்தே தருவித்துக்கொள்ளலாம். மாடியோ பால்கனியோ உள்ளவர்கள் கொஞ்சம் வீட்டிலேயே விளைவிக்கலாம். இந்த ஐந்தும் பணத்தை, நேரத்தை, உழைப்பை வெவ்வேறு அளவில் கேட்பவை. திருப்பித் தருவனவும் ஒன்றல்ல. ஒரு குடும்பம் தன் கைக்காசையும் கைவேலையையும் எங்கே போட்டால் அதிகப் பயன் கிடைக்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பிடுவதற்கு முன், எதற்காக மாறுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். உடலுக்கு நல்ல உணவு, ரசாயனம் இல்லாமல் விளைந்த உணவு, மண்ணையும் நீரையும் தீர்த்துவிடாத உணவு ஆகிய மூன்றையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அவை பல இடங்களில் சேர்ந்து வரும்; சில இடங்களில் பிரிந்தே நிற்கும். ஆர்கானிக் சர்க்கரையும் சர்க்கரைதான், ஆர்கானிக் மைதாவில் செய்த பிஸ்கட்டும் பிஸ்கட்தான். மறுபுறம், எந்த முத்திரையும் இல்லாத மானாவாரி ராகியில் செய்த களியும் ஒரு பிடி முருங்கைக்கீரையும் மூன்று நோக்கங்களையும் ஓரளவு ஒரே தட்டில் நிறைவேற்றிவிடுகின்றன. ஆகவே "ஆர்கானிக்கா இல்லையா" என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, "தட்டில் என்ன இருக்கிறது" என்பதை முதலில் கேட்பதே முறை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் நல்ல அளவுகோல். நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் அளவு: தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், கீரையும் காய்கறியும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பாலும் தயிருமாக 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இதை நான்கு பேர் உள்ள வீட்டுக்குத் தோராயமாகப் பெருக்கிப் பார்த்தால், மாதத்துக்குத் தானியம் 30 கிலோ, பருப்பு 10 கிலோ, கீரையும் காயும் 48 கிலோ என்று வருகிறது. நம் வீடுகளின் மளிகைச் சீட்டையும் காய்கறிக் கணக்கையும் இதனருகில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் அரிசி இந்த அளவைத் தாண்டியும் பருப்பும் காயும் இதில் பாதியை எட்டாமலும் இருக்கும். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று ஓடும் நாளில், பொரியலுக்கென்று வாங்கும் கால் கிலோ பீன்ஸ் நான்கு பேருக்குப் பகிரப்படுகிறது. இந்தக் குறையை நிரப்பாமல், குறைந்த அளவிலேயே உண்ணும் காயை இரண்டு மடங்கு விலைக்கு வாங்குவதால் உடலுக்குக் கிடைக்கும் நன்மை சிறிதே. கீழே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது, அந்த 48 கிலோவை நோக்கி ஒரு குடும்பத்தை அது நகர்த்துகிறதா, இல்லை விலையால் பின்னுக்கு இழுக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதல் வழி, முத்திரையுள்ள பொட்டலம். இதன் பெரிய பலம் சட்டப் பாதுகாப்பு. ஆர்கானிக் உணவுக்கான ஒழுங்குமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் வகுத்தது. அவை 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. அதன்படி, பொட்டலத்தில் ஆர்கானிக் என்று அச்சிட்டு விற்பவர் இரண்டில் ஒரு சான்றிதழ் முறைக்குள் வந்தாக வேண்டும். ஒன்று, 2001-இல் தொடங்கிய தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். இதில் அங்கீகாரம் பெற்ற மூன்றாம் தரப்பு நிறுவனம் நிலத்தைச் சோதிக்கிறது. மற்றொன்று, பி.ஜி.எஸ். இந்தியா எனப்படும் பங்கேற்பு முறை. இதில் ஒரே வட்டாரத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதி அளிக்கிறார்கள். 'ஜைவிக் பாரத்' முத்திரையும் சான்றிதழ் விவரமும் பொட்டலத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். அவை இல்லாமல் 'நேச்சுரல்', 'ஃபார்ம் ஃபிரெஷ்', 'கெமிக்கல் ஃபிரீ' என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தால், அந்தச் சொற்களுக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

இந்த வழியின் குறை விலை. சாதாரணப் பொருளைவிட ஒன்றரை மடங்கு, சிலவற்றில் இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது. அந்தக் கூடுதல் விலையில் நியாயமான பங்கு ஒன்றும் உண்டு. ரசாயனத்தை விட்ட நிலத்தில் விளைந்ததை ஆர்கானிக் என்று சொல்லி விற்பதற்கு, தேசியத் திட்டத்தின்படி ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டும் மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டும் மாறுதல் காலமாகக் கழிய வேண்டும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையலாம், விலையோ உயராது. அந்தப் பாரத்தைச் சுமந்தவர் விவசாயி. ஆனால் பொட்டலத்துக்கு நாம் தரும் கூடுதல் பணத்தில் கணிசமான பகுதி குளிர்பதனம், பொட்டலமிடல், கடை வாடகை, விளம்பரம் என்று கரைந்துவிடுகிறது. அழியும் தன்மையுள்ள காய்கறியில் இப்படிக் கரைவது இன்னும் அதிகம். நான்கு வெண்டைக்காய் பிளாஸ்டிக் தட்டில் படுத்து, மேலே இன்னொரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு வருவதைப் பார்த்தால், பூமிக்காகத்தான் இதை வாங்குகிறோம் என்று சொல்ல மனம் வருவதில்லை. எனவே இந்த வழி துவரம்பருப்பு, உளுந்து, மிளகாய்த்தூள், மஞ்சள் போன்று மாதம் ஒருமுறை வாங்கி டப்பாவில் வைக்கும் பொருட்களுக்குப் பொருந்தும், காய்கறிக்குப் பொருந்துவதில்லை.

இரண்டாவது வழியான வாரக் கூடை சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. நன்றாக அமைந்தால் மற்ற எதனாலும் தர முடியாததை அது தருகிறது, அமையாவிட்டால் மாதம் திரும்புவதற்குள் நின்றுபோகிறது. பெங்களூரைச் சுற்றிலும், தொட்டபள்ளாபூர், கனகபுரா, மாகடி, கோலார்ப் பக்கங்களிலும், தமிழ்நாட்டு எல்லைக்குள் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்திலும் இயற்கை விவசாயம் செய்வோர் இருக்கிறார்கள். தொட்டபள்ளாபூர் அருகே பல்லாண்டு ரசாயனமின்றிப் பயிர் செய்து, எண்ணற்ற விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்து 2019-இல் மறைந்த எல். நாராயண ரெட்டி இந்த வட்டாரத்துக்கு ஒரு முன்னோடி. 2013-இன் இறுதியில் நம்மைவிட்டுச் சென்ற இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தமிழ்நாட்டில் ஆற்றிய பணியையும் இங்கே நினைவுகூர வேண்டும். அந்த மரபில் வந்த விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் தரும் கூடைக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி நிலத்துக்கே போய்ச் சேர்கிறது. விவசாயியோ சிறிய விவசாயிக் குழுவோ நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது சான்றிதழிலிருந்து விதிவிலக்கு உண்டு என்பதால், முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இவர்களை ஒதுக்கக் கூடாது. முத்திரை இல்லாத இடத்தில் கேள்விகள் கேட்க வேண்டும். அசுவினிக்கு என்ன தெளிக்கிறீர்கள், பக்கத்து வயலில் மருந்தடித்தால் என்ன செய்கிறீர்கள், பாசனத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நாங்கள் ஒருநாள் தோட்டத்துக்கு வரலாமா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் "வாங்க" என்று சொல்பவரிடம் வாங்கலாம்.

கூடை வரும் நாளில் சமையலறையில் நடப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் சுற்றிய தண்டுக்கீரைக் கட்டின் வேரில் செம்மண் ஒட்டியிருக்கும்; இலைகளில் ஆங்காங்கே ஓட்டை இருக்கும்; முள்ளங்கி அதன் இலையோடு வரும்; கேட்காத நூல்கோல் இரண்டு வந்திருக்கும்; கேட்ட தக்காளி "இந்த வாரம் இல்லை" என்றிருக்கும். கீரையை ஆய்ந்து, மூன்று தண்ணீரில் அலசி, வடியவிட்டு, துணியில் சுற்றி வைப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அந்த முக்கால் மணி நேரம் யாருடையது என்பதுதான் இந்த வழியின் வெற்றியைத் தீர்மானிக்கிறது. வேலையிலிருந்து ஏழரை மணிக்கு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் முழுவதும் அது விழுந்தால், மூன்றாவது வாரம் கீரை குளிர்பெட்டியின் அடித்தட்டில் அழுகும், நான்காவது வாரம் கூடை நிற்கும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, இந்திய வீடுகளில் ஓராண்டில் ஆளுக்கு 55 கிலோ உணவு வீணாகிறது என்று மதிப்பிடுகிறது; அழுகிய ஆர்கானிக் கீரையும் அந்தக் கணக்கில்தான் சேரும். வீட்டில் இரண்டு பேராவது உட்கார்ந்து கீரை ஆய்வது என்று முடிவான பிறகே கூடைக்குப் பணம் கட்டுவது நல்லது. பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம், தான் ஆய்ந்த கீரையைத் தட்டில் ஒதுக்கும் குழந்தை குறைவு.

இத்தனை உழைப்புக்கும் ஈடாக, பருவத்துக்கு ஏற்ப உண்ணும் பழக்கம் ஏற்படுகிறது. மார்கழி, தை மாதங்களில் அவரைக்காய் குவியும்போது அவரைதான் வரும். கோடையில் வெள்ளரியும் பூசணியும் வரும். ஆண்டு முழுவதும் காலிஃபிளவரும் பீன்ஸும் கேட்கும் வழக்கம் தானாகவே தளர்கிறது. பருவம் தவறி விளைவிக்கப்படும் காய்க்குத்தான் மருந்துத் தேவை அதிகம் என்பதால், இந்தத் தளர்ச்சியே ஒரு பெரிய லாபம்.

மூன்றாவது வழி, வழக்கமான சந்தையை விவரத்தோடு பயன்படுத்துவது. ஆர்கானிக் பற்றிப் பேசுவோர் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை, அது வருந்தத்தக்கது. ஸ்ரீராமபுரத்திலும் மர்ஃபி டவுனிலும் அல்சூர்ச் சந்துகளிலும் கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போய் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு நடைமுறையில் திறந்திருக்கும் வழி இதுதான், அவர்களுக்கும் நல்ல உணவுக்கு முழு உரிமை உண்டு. 1959-இல் தொடங்கிய ஹாப்காம்ஸ் கூட்டுறவு அமைப்பு விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்முதல் செய்து விற்கிறது. அது விற்பது எல்லாம் இயற்கை விளைபொருள் அல்ல, ஆனால் விலை நியாயமாகவும் எடை சரியாகவும் இருக்கும் என்ற நம்பிக்கை நகரத்தில் பல தலைமுறைகளாக உண்டு. மாலையில் தள்ளுவண்டியில் கிடைக்கும் கீரையும் சேர்த்தால், மாதம் 48 கிலோ காய் என்ற அளவைக் குறைந்த செலவில் எட்ட இந்த வழியே உதவும். மிதமான மருந்து எச்சத்துக்கு அஞ்சிக் காய்கறியைக் குறைப்பதைவிட, கழுவி நிறைய உண்பது எவ்வளவோ மேல்.

எதில் கவனம் வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். பூச்சித் தாக்குதல் அதிகமுள்ள கத்தரி, வெண்டை, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பச்சை மிளகாய், தக்காளி, திராட்சை ஆகியவற்றில் மருந்துப் பயன்பாடு கூடுதல். வெங்காயம், சேனை, கருணை, பூசணி, சுரைக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், வாழைத்தண்டு, தேங்காய், பலா போன்றவற்றில் தோலையோ மட்டையையோ நீக்கித்தான் உண்கிறோம், பலவற்றில் தெளிப்பும் குறைவு. ஓடும் நீரில் கழுவுவதும், 2 சதவீத உப்பு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கு 20 கிராம் உப்பு கரைத்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து மீண்டும் அலசுவதும் மேற்பரப்பில் உள்ள எச்சத்தின் ஒரு பகுதியைக் குறைக்கும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்தை எந்தக் கழுவலும் நீக்காது. அதனால்தான் நம் ஊர் நாட்டுக் காய்களின் பக்கம் சாய்வது கழுவுவதைவிடப் பயனுள்ள பாதுகாப்பு.

பெங்களூருக்கே உரிய இன்னொரு கவலையும் உண்டு, அது பூச்சிமருந்தைப் பற்றியது அல்ல. நகரின் சாக்கடையையும் தொழிற்சாலைக் கழிவையும் சுமந்து பிடதி அருகே பைரமங்கலா ஏரிக்குப் போகும் விருஷபாவதி போன்ற நீர்வழிகளின் தண்ணீர் பல இடங்களில் பாசனத்துக்குப் பயன்படுகிறது. அத்தகைய நீரில் விளைந்த கீரைகளிலும் காய்களிலும் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. கழுவினாலும் வேகவைத்தாலும் உலோகம் போகாது. மருந்தே தெளிக்காமல், சாணம் மட்டும் போட்டு, ஆனால் இந்த நீரைப் பாய்ச்சி விளைவித்த கீரையை நான் என் வீட்டுக்கு வாங்க மாட்டேன். கீரை விஷயத்தில் மட்டும் "எந்த ஊர்த் தண்ணீர்?" என்ற கேள்வி "மருந்தடித்ததா?" என்பதைவிட முக்கியமானது. தள்ளுவண்டிக்காரரிடம் பதில் கிடைக்காது என்றால், நகரத்தை ஒட்டிய சாக்கடைக் கால்வாய்ப் பகுதிகளைத் தவிர்த்து, வரும் ஊர் தெரிந்த ஒரே இடத்தில் தொடர்ந்து வாங்குவதே நாம் செய்யக்கூடியது.

நான்காவது வழி, சொந்த ஊர். பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போய்வரும் குடும்பங்கள் திரும்பும்போது பேருந்தின் அடியில் ஒரு மூட்டை அரிசியைப் போட்டு வருவது இங்கே பழக்கமான காட்சி. எப்படியும் வரும் பயணத்தோடு வருவதால் போக்குவரத்துச் செலவும் மாசும் குறைவு. இரண்டு கிலோ காய்க்காக 15 கிலோமீட்டர் கார் ஓட்டி ஆர்கானிக் சந்தைக்குப் போவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ சிக்கனம். தமிழ்நாட்டில் பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுக்க நெல் ஜெயராமன் போன்றோர் பாடுபட்டதன் பயனாக, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை ஆகியவை இன்று பல மாவட்டங்களில் மீண்டும் விளைகின்றன. தினசரிச் சோற்றுக்குத் தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்படி அமையும். சிவப்பரிசியான மாப்பிள்ளைச் சம்பாவையும் காட்டுயானத்தையும் நேராகச் சோறாக வைத்தால் வீட்டில் எதிர்ப்பு வரும். அவற்றை இரவே ஊறவைத்துக் கஞ்சிக்கும், இட்லி தோசை மாவில் ஒரு பங்காகவும் சேர்த்தால் தடையின்றி உள்ளே போகும்.

உறவினர் வயலில் விளைந்தது என்பதனாலேயே மருந்தில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. யூரியாவும் களைக்கொல்லியும் எல்லா ஊர்களுக்கும் போய்விட்டன. "மாமா, வீட்டுக்கு வைக்கும் நெல்லுக்கு மட்டுமாவது மருந்தடிக்காமல் கொடுங்கள், மூட்டைக்கு 300 ரூபாய் கூடத் தருகிறேன்" என்று முன்கூட்டியே, விதைக்கும் முன்பே பேசினால், அந்த ஒரு பாத்தியாவது மாறும். இயற்கை விவசாயத்துக்கு நகரத்து உறவினர் செய்யக்கூடிய நேரடி உதவி இது. சேமிப்பிலும் சிரமம் உண்டு. பூச்சித் தடுப்பு மருந்து போடாத அரிசியிலும் பயறிலும் பெங்களூரின் மழைக்கால ஈரத்தில் வண்டு பிடிக்கும். நன்றாக வெயிலில் காயவைத்து, ஈரமில்லாத தூக்கில் உலர்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு மூடி, ஒன்றரை மாதத் தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பதே தீர்வு. முதல் வண்டைப் பார்த்ததும் மூட்டையை வெளியே எறியாமல் புடைத்து வெயிலில் போட்டால் அரிசி பிழைக்கும்.

ஐந்தாவது வழியான வீட்டுத் தோட்டத்துக்கு இந்த நகரத்தில் வலுவான பாரம்பரியம் இருக்கிறது. 'ஊட்ட ஃப்ரம் யுவர் தோட்ட' (உங்கள் தோட்டத்திலிருந்து உணவு) என்ற பெயரில் மாடித்தோட்டக்காரர்கள் கூடி விதையும் அனுபவமும் பகிர்ந்துகொள்ளும் சந்தை 2011 முதல் நடந்துவருகிறது. எசருகட்டா பகுதியில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலும் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்திலும் விதைகளும் ஆலோசனையும் கிடைக்கின்றன. ஆனால் நான்கு பேருக்குத் தேவையான 48 கிலோவில் எவ்வளவை மாடியில் விளைவிக்க முடியும் என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் மிகச் சிறிய பங்குதான். 2024 கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு வந்தபோது, காவிரி நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சக் குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு இறைத்துக் கொண்டுவரும் நீரில் தக்காளி வளர்ப்பது நிலைத்து நிற்கும் வழியாக இருக்க முடியாது. அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், சேமித்த மழைநீர் ஆகியவற்றுக்குள் அடங்கும் அளவே நம் தோட்டத்தின் அளவாக இருக்க வேண்டும்.

அந்தச் சிறிய அளவுக்குள் எதை வளர்ப்பது என்பதில்தான் அறிவு இருக்கிறது. என் பரிந்துரை கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், ஒரு தொட்டி மணத்தக்காளி. காரணம் எளிது. இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை மருந்து எச்சத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் தனிக் கவனத்தோடு சோதித்த வரலாறு உண்டு. நாமோ அதை நாள்தோறும் தாளிப்பில் போடுகிறோம், சட்னியில் பச்சையாகவே அரைக்கிறோம். ஒரு நடுத்தரத் தொட்டியில் நன்கு பிடித்துவிட்ட கறிவேப்பிலைச் செடி ஒரு வீட்டின் அன்றாடத் தாளிப்புக்குப் போதும். பால்கனி வெயிலே அதற்குப் போதுமானது. கத்தரியும் தக்காளியும் வைத்து, வெள்ளை ஈயோடு போராடிச் சோர்ந்துபோவதைவிட இதுவே நிலைக்கும். காய்கறித் தோலை வீட்டிலேயே மக்கவைத்து உரமாக்கினால் குப்பை வண்டிக்குப் போகும் ஈரக்கழிவும் குறையும்.

இனி முடிவுக்கு வரலாம். முதலில், எல்லா வருமானத்தினருக்கும் பொதுவான ஒன்று: மாத அரிசியில் மூன்றில் ஒரு பங்கை ராகிக்கும் சாமை, தினை, வரகுக்கும் மாற்றுவது. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. பெங்களூரு ஊரகம், ராமநகரம், தும்கூர், கோலார், கிருஷ்ணகிரி என்று நம்மைச் சுற்றியே ராகி மானாவாரியில் விளைகிறது; நெல்லைப் போல வயலில் தண்ணீரைக் கட்டிவைக்க வேண்டியதில்லை; பூச்சிமருந்துத் தேவையும் மிகக் குறைவு; வண்டும் எளிதில் பிடிப்பதில்லை. ஆகவே ராகிக்கு ஆர்கானிக் முத்திரைக்காக இரு மடங்கு விலை தர வேண்டியதே இல்லை; நல்ல ராகியை வாங்கிக் கழுவிக் காயவைத்து மாவு மில்லில் அரைத்துக்கொண்டால் போதும். சாமை, வரகு விஷயத்தில் மட்டும், பளபளவென்று வெளுத்ததை விட்டு, தவிட்டு நிறம் மீதமிருக்கும் தீட்டாத அரிசியாகப் பார்த்து வாங்க வேண்டும். அதற்கு இன்னும் ஒரு பங்கு தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ராகியை அளவின்றி உண்ணலாம் என்று நினைக்கக் கூடாது. அதிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான், கூழாகக் குடிக்கும்போது சர்க்கரை விரைவாகவே ஏறும்.

இதற்கு மேல் செலவிட முடிந்த பணத்தை எங்கே போடுவது என்பது வீட்டைப் பொறுத்தது. இருவரும் வேலைக்குப் போகும், சிறு குழந்தைகள் உள்ள அடுக்குமாடிக் குடும்பம் முழுக் கூடைக்குப் போகாமல், நம்பிக்கையான ஒரு விவசாயியிடம் கீரை, தக்காளி, முட்டைக்கோஸ், வெண்டை ஆகியவற்றை மட்டும் பாதிக் கூடையாகக் கேட்டு வாங்கி, மீதியைச் சந்தையின் நாட்டுக் காய்களால் நிரப்புவது நல்லது. குழந்தையின் உடல் எடைக்கு உணவு அதிகம் என்பதால் மருந்து எச்சமும் எடைக்கு ஏற்பக் கூடுதலாகவே சேரும். ஆகவே கூடுதல் விலை தர முடிந்தால் அதைத் தர வேண்டிய இடம் இதுதான். வீட்டில் பெரியவர்கள் இருந்து, கீரை ஆயவும் வெயிலில் தானியம் உலர்த்தவும் ஆள் இருக்கும் குடும்பத்துக்கு முழுக் கூடையும் ஊர் அரிசியும் சேர்ந்த ஏற்பாடு மிகச் சிறப்பாகப் பொருந்தும். முத்திரைப் பொட்டலங்கள் அவர்களுக்கு அநேகமாகத் தேவைப்படாது. கையில் நேரமும் இல்லை, சமைப்பவரும் ஒருவரே என்ற வீட்டுக்குப் பருப்பும் மசாலாவும் பொட்டலத்திலும், காய் சந்தையிலும், கறிவேப்பிலை தொட்டியிலும் என்று பிரித்துக்கொள்வது தாங்கும்.

குறைந்த வருமானக் குடும்பம் ஆர்கானிக் என்ற சொல்லையே இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். ராகியும், தட்டைப்பயறு, கொள்ளு, பச்சைப்பயறு என்று மாற்றி மாற்றி ஒரு பயறும், நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஒரு கட்டுக் கீரையும் நாள்தோறும் தட்டில் இருந்தால், விலை உயர்ந்த பொட்டலங்களை வாங்கியும் காயை அளந்து உண்ணும் வீட்டைவிட அந்த வீட்டுப் பிள்ளைகள் நன்றாகவே உண்கிறார்கள். ஒரே தெருவில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால், ஓசூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் வாரம் ஒரு மூட்டையாகக் காய் எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். அப்போது விலை சந்தை விலைக்கு அருகிலேயே இறங்கிவிடும்.

எந்த ஏற்பாடானாலும் தொடங்கும் மாதத்தைப் பார்த்துத் தொடங்குவது உதவும். பங்குனி, சித்திரைக் கோடையில் கீரை விரைவாக வாடும், காய் வகையும் குறையும், விவசாயிக்கும் தண்ணீர் இராது. அப்போது கூடை எடுப்பவர்கள் ஏமாற்றத்தோடு விலகுவார்கள். ஐப்பசி முதல் தை வரை காய் செழித்து வரும் காலத்தில் தொடங்கி, விவசாயியோடு பழக்கம் ஏற்பட்ட பின் கோடையைச் சந்தித்தால், அந்த இரண்டு மாதம் கூடையில் வெறும் பூசணியும் சுரைக்காயும் வந்தாலும் பணத்தை நிறுத்தாமல் இருக்க மனம் இடம் தரும். விவசாயிக்கு அந்தப் பணம் மிகவும் தேவைப்படும் மாதங்களும் அவைதான்.